நிறுத்து என்று எவரும் சொல்லலாம்

அந்தப் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்தது. என்னோடு வேலை பார்த்த தோழியின் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு சித்தப்பா மகன் இருந்தார். இங்கிருந்து கோங்குரா ஊறுகாய் போகும். அங்கிருந்து யாருக்கும் உதவாத சாமான் ஏதாவது வரும். அந்த முறை வந்தது ஒரு விளையாட்டு. செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம், எட்டு முகமும் பன்னிரண்டு முகமுமாக வினோதமான பகடைகள், அட்டையில் ஓர் இரும்பு ராட்சதன். அவன் நெஞ்சில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு கையாலும் லீவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பார்த்ததும் சொன்னேன்: "இது எங்க அண்ணன்."

தோழி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எங்கள் ஆலையின் பெரிய பட்டறையில் கிரேன் டிரைவர். ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த அந்த அரசு ஆலைக்கு மல்காஜ்கிரியிலிருந்து இருவரும் ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போவோம். நான் டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். பெண் வந்துவிட்டாள் என்பதற்காகப் பதவியின் பெயரை யாரும் மாற்றவில்லை. அவன் வேலை பார்த்தது கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனில். அதன் அடியில் ஒரு கேபின் தொங்கும். செங்குத்தான இரும்பு ஏணியில் அங்கே ஏறி உட்கார்ந்து, காலால் மணியை அழுத்திக்கொண்டு, ஒரு வீட்டின் பருமனுள்ள இரும்பு வார்ப்பைத் தூக்கி அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் முட்டை வைப்பதுபோல் வைப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரும்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். ஒருமுறை கேபினுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பேன். பெண்களை ஏற்றுவதில்லை என்றார்கள்.

ஆனால் அந்தப் பெட்டி வந்த நாளில் அண்ணனும் மேலே இல்லை.

அதற்கு முந்தைய வருடம் ஒரு விபத்து நடந்தது. ஒரு வார்ப்பைத் தூக்கும்போது, கீழே மாட்டிய சங்கிலி கொக்கியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கிறது. வார்ப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்து, சங்கிலி மாட்டும் கலாசி ஒருவரின் கால் நசுங்கிவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் அந்தக் காலை ஊன்றி நடக்க முடியவில்லை. அவரைக் கேட்டுக்குப் பக்கத்தில் டோக்கன் கொடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். விசாரணையில் கிரேன் டிரைவர் மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அண்ணன் அன்றைக்குக் கீழே இறங்கியவன்தான். மறுபடி ஏணியில் கால் வைக்கவில்லை.

உயரம் கண்டு பயம் என்று டாக்டர் சொன்னார். அதெல்லாம் இல்லை. ஒரே ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னிடம் சொன்னான்: "மேலருந்து பாத்தா சங்கிலி நழுவுறது தெரியாது பிள்ள. கீழ அத்தன பேரு நின்னாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாங்க. ஒரு கை நீளல. அவங்கள நம்பி நான் எப்படி ஏற?"

அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. ஸ்டோரில் நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்குள் மேலே ஏறாவிட்டால் டிரைவர் வேலை நிரந்தரமாகப் போய்விடும், ஸ்டோர்தான் என்று அவன் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அம்மா காலை ஜெபத்தில் அதைத் தினமும் கர்த்தருக்கு ஞாபகப்படுத்துவாள்.

அவனைக் குணப்படுத்தத்தான் நான் இந்த விளையாட்டைச் செய்தேன் என்று பிற்பாடு சிலர் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். எனக்கு அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியிலிருந்த விளையாட்டு ஆடுவதற்கு லாயக்கில்லை என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிட்டது. பலகை கிடையாது, காய் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, "நான் இப்படிச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும்; பகடை விழுவதைப் பொறுத்து அது நடக்கும், நடக்காது. இவ்வளவு அழகான விஷயத்தை அந்தப் புத்தகக்காரர்கள் அட்டவணைகளுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார்கள். போதாததற்கு, ராட்சதர்கள் ஒருவரை ஒருவர் சுடுவது ஒன்றுதான் வேலை. என் தோழி புத்தகத்தை மூடினாள். அவள் பல தலைமுறையாக செகந்திராபாத்தில் ஊறிய கத்தோலிக்கக் குடும்பம். பேச்சில் உருது, தெலுங்கு எல்லாம் கலந்து வரும்.

"காய்கு, எதுக்கு இத்தன ரூலு? நக்கோ பா, வேணாம். நீயே ஒண்ணு செய்."

செய்தேன். இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. நாங்கள் ஆலைக்காரர்கள். சும்மா ஒரு ராட்சதன் என்றால் எங்களுக்குப் பிடிபடாது. முழங்கால் மூட்டில் எந்த பேரிங், எண்ணெய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு எடைவரை தூக்கலாம் என்று தெரிந்தால்தான் அவன் நிற்பான். கிராஃப் தாளில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு எல்லாம் வரைந்தேன். இரண்டு மாதம் ஆபீஸ் முடிந்து வந்து அதே வேலை. தோழி அவனுக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தாள். விளையாட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

முதல் ஆட்டம் அல்வாலில் தோழி வீட்டில் நடந்தது. அவள் வீட்டுக்காரர் எங்கள் ஆலையிலேயே பாதுகாப்புப் பிரிவில் இருந்தார். நல்ல மனிதர், தூங்கும்போதுகூட ஹெல்மெட் போட்டுக்கொள்வார் என்று நாங்கள் கேலி செய்வோம். என் படங்களை விரித்ததும் முதலில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சுற்றிலும் ராணுவக் குடியிருப்பு. யாராவது எட்டிப் பார்த்து, இது என்ன ஆயுதம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். பிறகு ஆட்டம் தொடங்கியது. காட்சி இதுதான்: ஊருக்குள் வெள்ளம், பாலத்தில் ஒரு ரயில் மாட்டிக்கொண்டிருக்கிறது, பயில்வான் போய் மீட்க வேண்டும்.

"பெர்மிட் இருக்கா சிஸ்டர்?" என்றார் அவர்.

"என்ன பெர்மிட்?"

"வேலை செய்ய அனுமதிச் சீட்டு. இல்லாம எப்படி ஸ்டார்ட் பண்றது?"

எழுதிக் கொடுத்தேன். பிறகு எண்ணெய் மட்டம் பார்த்தோம். பிரேக் பார்த்தோம். தோழி தன் பயில்வானின் இடது முழங்கையில் கசிவு இருப்பதாகச் சொல்லி, அதைச் சரிசெய்யாமல் ஷிஃப்டை ஏற்க மாட்டேன் என்றாள். ஒருவழியாக எல்லாம் முடிந்து ரயில் பெட்டியின் எடையைக் கணக்குப் போட்டால், அது பயில்வானுக்கு அனுமதிக்கப்பட்ட எடையைவிட அதிகம். "தூக்கக் கூடாது," என்றார் பாதுகாப்புப் பிரிவு. "தூக்க மாட்டேன்," என்றாள் அவர் மனைவி. மத்தியானம் போய் சாயங்காலம் வந்துவிட்டது. ரயில் வெள்ளத்தில் போயிருக்கும். எங்கள் பயில்வான்கள் ஷெட்டைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வந்த கோபத்தில் படங்களைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் ஒன்று தோன்றியது. அன்று முழுக்க எங்களில் ஒருவருக்கும் அலுப்புத் தட்டவில்லை. முழங்கை கசிகிறது என்று அவள் சொன்னபோது எண்ணெய் வாசனை எனக்கு வந்தது. இல்லாத ஒன்று மேஜைமேல் இருந்தது. அதைக் கொண்டுவந்தது என் அட்டவணையோ கணக்கோ இல்லை, அவள் சொன்ன ஒரு வாக்கியம். அப்படியானால் மற்றதெல்லாம் எதற்கு?

அன்றிலிருந்து விதிகளை எடுத்தெறிய ஆரம்பித்தேன். எடை போயிற்று. எண்ணெய் போயிற்று. பெர்மிட் போனபோது மட்டும் தோழியின் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆட்டத்தை எங்கள் வீட்டுக்கு மாற்றினோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டபின், அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே. அம்மா பகடையைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது? கோயிலுக்குப் போயிட்டு வந்த கையோட சூதாட்டமா? என் வீட்டுக்குள்ள பகடை உருளக் கூடாது. சொல்லிட்டேன்."

அம்மா செகந்திராபாத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் திருநெல்வேலிப் பேச்சைக் கடுகளவும் விட்டுக்கொடுக்கவில்லை. பகடையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளோடு வாதாடிப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஸ்டோரிலிருந்து கழிவான வாஷர்கள் ஒரு கைப்பிடி கிடைக்குமா என்று அண்ணனிடம் கேட்டேன். கேட் பாஸ் போட்டு முறையாகக் கொண்டுவந்தான். பாதி பளபளவென்று இருக்கும், பாதி கறுப்பு. அளவும் கனமும் ஒன்றுதான். தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டேன். ஆபத்தான காரியம் செய்தால் பார்க்காமல் டின்னுக்குள் கைவிட வேண்டும். பளபள வாஷர் வந்தால் நடந்தது. கறுப்பு வந்தால் ஏதோ உடைகிறது. என்ன உடைகிறது என்று எடுத்தவரே சொல்ல வேண்டும். அம்மா டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இது வேதாகமத்தில் சீட்டுப் போடுவதுபோல்தான், பாவமில்லை என்று தீர்ப்புச் சொன்னாள்.

இரண்டிரண்டு பேராக ஆட ஓர் ஆள் குறைந்தது. "சும்மாதான இருக்க, நீயும் உக்காரு," என்று அம்மாதான் அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"உள்ள உக்கார மாட்டேன்," என்றான். "கீழ நின்னு சிக்னல் குடுக்கேன்."

அப்படி ஒரு வேலையே அதுவரை விளையாட்டில் இல்லை. அவன் சொன்ன பிறகுதான் வந்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியே பார்க்க முடியாது. தன் இயந்திரம் என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லலாம். வெளியே என்ன இருக்கிறது என்பதைக் கீழே நிற்பவர் சொல்லுவார். தூக்கு, நட, திரும்பு, இறக்கு எல்லாம் அவர் கையில். அண்ணனுக்கு நான் பயில்வான். தோழியின் வீட்டுக்காரருக்குத் தோழி பயில்வான்.

"ரெண்டு பேரும் சிக்னல் குடுத்தா எதைக் கேக்கறது?" என்றாள் தோழி.

அண்ணன் யோசிக்கவே இல்லை. பயிற்சியின் முதல் நாள் எல்லாக் கிரேன் டிரைவருக்கும் சொல்லிக் கொடுப்பதைச் சொன்னான்: "தூக்கச் சொல்ல ஒருத்தன்தான். நிறுத்தச் சொல்ல எவன் வேணும்னாலும் சொல்லலாம். தரை கூட்டுறவங்க கை நீட்டினாலும் நிக்கணும். ஏன்னு கேக்கக் கூடாது."

சொல்லி முடித்ததும் அவன் முகம் இருண்டது. ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த மேஜையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை விதியாக வைத்துக்கொண்டேன். டின்னுக்குள் ஒருவர் கை இருக்கும்வரை, மேஜையில் யார் வேண்டுமானாலும் உள்ளங்கையை விரித்துக் காட்டலாம். காட்டினால் கை வெறுமனே வெளியே வர வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

மொத்த விளையாட்டும் அவ்வளவுதான். செங்கல் கனப் புத்தகம் ஒரு போஸ்ட்கார்டில் அடங்கிவிட்டது.

பிறகு நடந்ததற்கு நான் தயாராக இல்லை. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதற்கே யோசிக்கிறவன், முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருக்கிறது என்றான். ஒரு மாட்டுவண்டியின் சக்கரம் மிதந்து போகிறது என்றான். உன் வலது காலுக்குக் கீழே கூரையில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது, காலைச் சற்றுத் தள்ளி வை என்றான். கம்பிகளில் மைனாக்கள், மொட்டை மாடிகளில் ஆட்கள், அவர்கள் அசைக்கும் துண்டுகளின் நிறம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடம் மேலே உட்கார்ந்து அவன் சும்மா லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கீழே இருந்த ஒவ்வோர் ஆளையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதனால்தான் அந்த ஒரு நாள் அவனை அவ்வளவு அடித்திருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். மல்காஜ்கிரியில் ஓர் ஓட்டு வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, தென்னைமர உயரத்தில் நடந்தேன். ஆலையில் எனக்குத் தராத கேபின் அது. பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகும்போது மேஜை அதிரும். என் காலடியில்தான் அதிர்கிறது என்று நினைப்பேன். நாலு பேர், ஒரு பிஸ்கட் டின். அதற்குள் அத்தனை உயரம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அம்மா இதெல்லாம் தன் காதில் விழாததுபோல் சமையல்கட்டில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழுவ அவ்வளவு பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. அண்ணன் ஞாயிறுகளில் பேசினான், மற்ற நாளில் ஸ்டோருக்குப் போனான். ஏணிப் பக்கம் போகவில்லை. டிசம்பர் பிறந்ததும் வீட்டில் யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. சனிக்கிழமை பிடுங்கினார்கள், ஞாயிறு என் கன்னம் பன்போல் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று தோழி சந்தோஷமாகச் சொன்னாள்.

"பேசாம உள்ள இருக்க முடியாது. கீழ நிக்கலாம். கை இருக்குல்ல," என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம்.

அவன் டின்னைப் பார்த்தான். நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "சரி," என்றான்.

நான் பேச முடியாததால், வெளியே என்ன இருக்கிறது என்று சொல்வதைத் தோழியின் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். சிக்னல் மட்டும் நான், ஆலையில் கொடுப்பதுபோல் கையால். மறுபடியும் அதே வெள்ளம். நாங்கள் முதல் நாள் கைவிட்ட அதே ரயில். எங்களுக்கு அந்தக் கடன் பாக்கி இருந்தது. அண்ணன் பாலத்துக்கு நடந்தான். அவன் காலின் கீழ் மண் எப்படி அழுந்துகிறது, லீவர் கையில் எப்படி அதிர்கிறது என்று ஒவ்வொன்றாக, தாழ்ந்த குரலில் சொன்னான். கடைசிப் பெட்டியை, உள்ளே ஆட்களோடு, தூக்கினான். டின்னிலிருந்து பளபள வாஷர் வந்தது.

இறக்க வேண்டும். நான் கரையைக் காட்டி, இறக்கு என்று விரலைக் கீழே சுழற்றினேன். அண்ணன் மறுபடி டின்னுக்குள் கைவிட்டான்.

கை வெளியே வரவில்லை.

வாஷர்கள் உரசும் சத்தமும் இல்லை. கை அப்படியே உள்ளே இருந்தது. அவன் டின்னைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு முகமாக. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். தோழி டின்னையே பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு என் சிக்னலுக்குக் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

"எய்யா, நில்லு."

சமையல்கட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் கரண்டி. வலது கை முன்னால் நீண்டிருந்தது, சோப்பு நுரை வழிய, உள்ளங்கை விரிந்து.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்பு தோழியின் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்: கரையின் அடியில் தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கிறது. நான் காட்டியது அந்தக் கரையைத்தான். அதில் வைத்தால் பெட்டி ஆட்களோடு உள்ளே போயிருக்கும். நாங்கள் மேஜையில் உட்கார்ந்து கேட்டு மறந்ததை அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டு வைத்திருந்தாள்.

என் கை நீண்டது. தோழியின் கை, அவள் வீட்டுக்காரர் கை. மேஜையைச் சுற்றி நாலு உள்ளங்கைகள். அண்ணன் அவற்றைப் பார்த்தான். அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு கையை வெறுமனே வெளியே எடுத்தான். விதி அப்படி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

"கரைய விட்டுட்டு மேட்டுக்குப் போறேன்," என்றான். "பெட்டிக்குள்ள ஆளுங்க இருக்காங்க. மெதுவாத்தான் போவேன்."

மெதுவாகப் போனான். மேட்டில் வைத்தான். அம்மா கரண்டியோடு அங்கேயே நின்று, கடைசி ஆள் இறங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது. பல் வலி என்று எழுதிக் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், டிராயிங் ஆபீஸில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறைப் பக்கமிருந்து கிரேன் மணி கேட்டது. நாளெல்லாம் கேட்கிற மணிதான். ஆனால் ஒவ்வொரு டிரைவரின் காலும் ஒவ்வொரு மாதிரி அழுத்தும். இது இரண்டு சின்னது, ஒரு பெரியது. நான் கையில் கிடைத்த டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு, ஏதோ சந்தேகம் கேட்கப் போகிறவளைப்போல் பட்டறைக்கு ஓடினேன்.

அண்ணன் மேலே இருந்தான். கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு லீவரிலும் கை வைத்து. அவன் ஏறப்போவதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஆலையில் எப்படியோ செய்தி பரவியிருந்தது. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே பட்டறை ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, டோக்கன் அறையிலிருந்து ஊன்றுகோலோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து, அந்தக் கலாசியும் நின்றார்.

சிக்னல்மேன் விரலை மேலே சுழற்றினார். சங்கிலி இறுகியது. வார்ப்பு தரையைவிட்டுக் கிளம்பி, முழங்கால் உயரம், இடுப்பு உயரம் வந்தது.

கலாசி கையை நீட்டினார். உள்ளங்கை விரிந்திருந்தது.

கிரேன் நின்றது. அந்தக் கணமே. சிக்னல்மேன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. அவ்வளவு இரும்பும் ஆடாமல் அந்தரத்தில் தொங்கியது. கலாசி கோட்டைத் தாண்டி, ஊன்றுகோல் தரையில் தட்டத் தட்ட, வார்ப்பை நோக்கி நடந்தார். எட்டியே நின்று, சங்கிலி மாட்டியிருந்த ஒவ்வொரு கொக்கியையும் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து கேபினைப் பார்த்தார். அண்ணன் குனிந்து அவரைப் பார்த்தான். அவர் தலையை அசைத்துவிட்டு, வந்ததுபோலவே நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

அப்போதுதான் கவனித்தேன். சுருட்டிய டிராயிங் என் காலடியில் கிடந்தது. என் கை நீண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவரின் கையும். அவருக்கு அடுத்தவரின் கையும். அந்தக் கோடு நெடுக, ஒருவர் பாக்கியில்லாமல். அண்ணன் மேலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. சிக்னல்மேன் மறுபடி விரலைச் சுழற்றினார். இரண்டு சின்னது, ஒரு பெரியது, மணி அடித்தது. வார்ப்பு எங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போயிற்று.

எதற்காக நிறுத்தினாய் என்று கலாசியை யாரும் கேட்கவில்லை.